விறகுக் கொட்டகையில் ஆள் இல்லை

எனக்குச் சந்தேகம் கொஞ்சம் அதிகம். பால்காரர் அளந்து ஊற்றும்போது குனிந்து பார்ப்பேன். வகுப்பில் ஒரு பிள்ளை வயிற்றுவலி என்றால் எந்தப் பக்கம் என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் கேட்பேன். பக்கம் மாறியிருந்தால் உட்கார் என்று சொல்லிவிடுவேன். எங்கள் சர்ச்சில் உபதேசியார் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, நிஜமாகவே மூடியிருக்கிறாரா என்று கண்ணைத் திறந்து பார்த்து ஹாஸ்டல் வார்டனிடம் கிள்ளு வாங்கியவள் நான். அதனால், கொடைக்கானலில் வீடுவீடாகப் போய் விவரம் எழுத ஆசிரியர்கள் வேண்டும் என்று நகராட்சி ஆபீசிலிருந்து கேட்டபோது, எங்கள் தலைமையாசிரியை வேறு யாரையும் யோசிக்கவில்லை. "உன்னை யாரும் ஏமாத்த முடியாது" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஊருக்குப் பெண்கள் கல்லூரி ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு பலமாக இருந்தது. எழுபதுகளில் நான் வேலைக்கு வந்த புதிதில், இப்போது கல்லூரிக்கு இடம் பார்த்திருந்த அட்டுவம்பட்டிப் பக்கம் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும்தான் தெரியும். வீடு தெரிய வேண்டுமென்றால் மூடுபனி விலகவேண்டும். இப்போது கல்லூரிக் கட்டடம் எழும்புவதற்கு முன்பே வாடகை எழும்பிவிட்டது. ஒரு ஹாலை நடுவில் பலகை வைத்து மறைத்து இரண்டு ரூம் என்றார்கள். படிக்கட்டுக்குக் கீழே இருந்த பொந்துகூட ரூம் ஆயிற்று. இந்த நிலையில் ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன வருமானம், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்கள் என்று ஆபீசுக்குத் தெரியவேண்டியிருந்தது. இந்த மூன்று கேள்விக்கும் எந்த ஊரிலும் யாரும் உண்மை சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் கையில் ஒரு கட்டு நீளக் காகிதமும், ஒரு சின்ன டப்பாவில் கறுப்பு பெயின்ட்டும், ஒரு பிரஷ்ஷும் கொடுத்தார்கள். விவரம் எழுதிய வீட்டின் வாசல் நிலையில் ஒரு நம்பர் எழுதவேண்டும். நம்பர் விழுந்தால் அது வீடு. அதைக் காட்டி ரேஷன் கார்டுக்கு மனு போடலாம், கரண்ட் கேட்கலாம், யாராவது திடீரென்று காலி செய் என்றால் நான் இங்கே இருக்கிறவன் என்று நிமிர்ந்து நிற்கலாம். இந்தச் சமாசாரம் சொந்த வீட்டுக்காரர்களுக்குப் பெரிதில்லை. அவர்களுக்கு என் காகிதம்தான் பயம்.

போன இடமெல்லாம் என்னைத்தான் சந்தேகப்பட்டார்கள். மிஷன் குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள், வீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ள மிஷன்தான் என்னை அனுப்பியது என்று நினைத்தார்கள். தோட்டம் வைத்திருந்தவர்கள், காலேஜுக்கு நிலம் எடுக்க வந்தவள் என்று நினைத்தார்கள். பெரிய பங்களா ஒன்றில் கம்பளிச் சட்டைக்காரர் ஒருவர், தான் அந்த வீட்டு வாட்ச்மேன் என்றும் ஓனர் சென்னையில் இருக்கிறார் என்றும் வாய் கூசாமல் சொன்னார். சுவரில் கல்யாண போட்டோ மாட்டியிருந்தது.

"அது யாருங்க?" என்றேன்.

"ஓனர்தாங்க."

"உங்க சாயலா இருக்கே?"

"அவருக்கு நான் தூரத்துச் சொந்தம்ங்க" என்றார். உள்ளே ஒரு பெண்மணி சிரிப்பை அடக்க இருமினார். வருமானம் என்ற இடத்தில் வாட்ச்மேன் சம்பளத்தை எழுதிக்கொண்டு வந்தேன். அந்த ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன். என் காகிதங்களில் அப்படிக் கேள்விக்குறி விழாத பக்கமே கிடையாது.

இவ்வளவு உஷாராக இருந்தும் முதல் நாளே நான் ஏமாந்துபோனேன். ஏமாற்றியது ஆள் இல்லை, சீசன். அது மே மாதம். எங்கள் ஊரில் சீசன் வந்தால் வீட்டுக்காரர்கள் வீட்டைக் கீழே இருந்து வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, குடும்பத்தோடு பின்னால் இருக்கும் விறகுக் கொட்டகைக்குப் போய்விடுவார்கள். இரண்டு மாதம் அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. நான் சின்ன வயதிலிருந்து மிஷன் ஹாஸ்டலில் வளர்ந்தவள், பிறகு வாடகை ரூம்வாசி. இந்த வழக்கம் காதில் விழுந்திருக்கிறதே தவிர, மனதில் ஏறவில்லை. கண்ணால் கண்டதை எழுதினேன். பங்களாவில் நிரந்தரவாசி யாருமில்லை, கொட்டகையில் எட்டுப் பேர். அடுத்த வீட்டிலும் அதே கதை. சாயந்திரம் ஆபீசில் காகிதத்தைக் கொடுத்தபோது, பதினோரு குடும்பத்தைக் கொட்டகையில் குடிவைத்திருந்தேன்.

மேற்பார்வை பார்த்த அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏன் டீச்சர், கொடைக்கானல்ல பாதி ஜனம் விறகுக் கொட்டகையில கெடக்குன்னு மேல அனுப்புனா நம்மளப் பத்தி என்ன நெனைப்பாங்க? சீசன் தெரியாதா உங்களுக்கு? முன்னாடி இருக்கிறதுதான் வீடு. கொட்டகை கொட்டகைதான்."

அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பதினோரு வரியையும் சிவப்பு மையில் அவரே அடித்தார். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று பெயர் வாங்கியவளுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. இனி ஒரு கொட்டகையைக்கூட எழுதுவதில்லை என்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே முடிவு செய்தேன்.

ஒரு வாரம் கழித்து அட்டுவம்பட்டித் திருப்பத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். கல் சுவர், தகரக் கூரை, வாசலில் ஒரு பேரிக்காய் மரம். வீட்டுக்காரர் பஜாரில் காய்கறி மண்டி வைத்திருந்தார். நாற்காலி போட்டு டீ கொடுத்தார். டீ கொடுத்தாலே எனக்கு மூக்கில் வேர்க்கும். ஆனால் மனுஷர் கேட்டதற்கெல்லாம் பட்டென்று பதில் சொன்னார். வீட்டில் ஆறு பேர். முன்பக்கம் திருச்சியிலிருந்து வந்தவர்களுக்கு விட்டாகிவிட்டது. "சீசன் முடியிற வரைக்கும் நாங்க பின்னாடிதான் டீச்சர். அடுப்படியும் கொட்டகையுமாப் பொழுது போகுது" என்றார். ஊர் வழக்கம் இப்போது எனக்குத் தெரியுமாதலால், எல்லாம் புரிந்தவள் மாதிரித் தலையை ஆட்டி எழுதி, நிலையில் நம்பர் போட்டேன்.

நான் கிளம்பும்போது வீட்டுப் பக்கவாட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கும். சேலையை இழுத்துச் செருகி, தலையை அப்போதுதான் ஈரத்தோடு வாரியிருந்தாள்.

"டீச்சரம்மா, நம்ம காம்பராவையும் பார்த்து எழுதிட்டுப் போங்க" என்றாள்.

காம்பரா என்றால் சிலோன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், கூலிக் குடும்பத்துக்குக் கொடுக்கிற ஒற்றை அறை. அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள் எங்கள் மலையில் அப்போது நிறையப் பேர் இருந்தார்கள், அதனால் அந்தச் சொல் எனக்குத் தெரியும்.

வீட்டுக்காரர் முகம் மாறவே இல்லை. "அது நம்ம தோட்டத்துல வேல பாக்குற பொம்பள, டீச்சர். சிலோன்காரங்க. அது ஏதாச்சும் சொல்லும், நீங்க வாங்க" என்றார். எனக்கு இரண்டு பேர் மேலும் சந்தேகம் வந்தது. சரி, பார்த்துவிடுவோம் என்று பின்னால் போனேன்.

விறகுக் கொட்டகைதான். மண்ணும் கல்லும் வைத்துக் கட்டிய சுவர், மேலே நாட்டு ஓடு. உள்ளே நுழைந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாசம் மூக்கில் ஏறியது. நாலு சுவரும் வெள்ளை வெளேரென்று இருந்தன. தரை அன்று காலையில்தான் சாணி போட்டு மெழுகியது. ஒரு பக்கம் விறகு அடுக்கியிருந்தது. இன்னொரு பக்கம் இரண்டு சாக்கு மூட்டை, சுருட்டிய பாய் ஒன்று. சட்டி பானை வெளியே தெரியவில்லை. கரி இல்லை, சாம்பல் இல்லை, சுவரில் புகை படிந்த இடமே இல்லை.

"எத்தனை வருஷமா இருக்கீங்க?"

"இந்த மழையோட நாலு வருசம்ங்க. அவரு கீழ மலையில மரம் வெட்டப் போவாரு, சனிக்கிழம வருவாரு. நானும் மகளும்தான்."

"மகள் எங்கே?"

"லீவுன்னு அப்பனோட போயிருக்குங்க."

"அடுப்பு எங்கே?"

"கெளப்பி வெளிய வச்சுட்டேனுங்க, நீங்க பார்க்க வாறீங்கன்னு."

"நான் வந்தா எதுக்கு அடுப்பை எடுக்கணும்?"

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "சிலோன்ல தோட்டத்துத் தொர பார்க்க வந்தா லயத்துல அப்படித்தானுங்களே. கரி கண்டா ஏசுவாங்க. சுண்ணாம்பு அடிச்சு, அடுப்பக் கெளப்பி, சுத்தமா வச்சிருந்தாத்தான் காம்பராவ நம்ம பேருல பதிவாங்க."

அவள் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தது என்பதற்கு, இன்றைக்கு ஒரு சொல் மாறாமல் எழுத முடிகிறதே, அதுதான் சாட்சி. ஆனால் அப்போது என் புத்தி வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. நாலு வருஷம் சமைத்த இடத்தில் ஒரு பொட்டுக் கரி இருக்காதா? ஆள் வருகிறது என்று தெரிந்து முந்தின நாள் சுண்ணாம்பு அடிக்கிறவள் எதையோ காட்டத்தான் அடிக்கிறாள், இல்லாத குடித்தனத்தை இருப்பதாகக் காட்டுகிறாள். இப்படிப் போயிற்று என் கெட்டிக்காரத்தனம்.

வாசலில் நின்ற வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "நேத்து நான்தான் டீச்சர் சுண்ணாம்பு வாங்கிக் குடுத்து அடிக்கச் சொன்னேன். நாங்க படுக்கிற எடமாச்சே."

சுண்ணாம்பு வீட்டுக்காரரின் சீசன் படுக்கைக்கு என்று அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் எனக்குப் பொருந்திவிட்டது.

அவளிடம் கார்டு கேட்டேன். சிலோனிலிருந்து கப்பலில் வந்து இறங்குகிறவர்களைத் தங்கவைக்கும் மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "இதுல மண்டபம்னுதானே இருக்கு?" என்றேன்.

"இங்க நம்பர் கெடைச்சாத்தானே மாத்த முடியும்ங்க. எழுதிட்டுப் போங்கம்மா. மகள் ஒன்பதாவது முடிச்சிருக்கு. காலேஜ் இங்கனயே வருதாமே? எங்க சாதி சனத்துல ஒரு பொம்பளப் புள்ள வீட்டுலேருந்து நடந்தே காலேஜுக்குப் போனதுன்னு கேட்டிருக்கமா? இந்த எடம் போச்சுன்னா எங்களுக்கு வேற எடமில்லைங்க."

கொட்டகைக்குப் பின்னால் போய், வெளியே வைத்திருந்த அடுப்பிலிருந்து ஒரு டம்ளர் தேத்தண்ணி கொண்டுவந்தாள். கூடவே உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லம். லஞ்சமோ என்று நினைத்து வேண்டாம் என்றேன். மண்டிக்காரர் கொடுத்த டீ அப்போது என் வயிற்றில் இருந்தது. அது எனக்கு லஞ்சமாகத் தோன்றவில்லை.

காகிதத்தை விறகு அடுக்கின்மேல் வைத்து எழுதினேன்: விறகுக் கொட்டகை. ஆள் இல்லை.

"எழுதிட்டீங்களாம்மா?" என்றாள்.

"எழுதிட்டேன்."

"நம்பரு?"

"அதுக்கு வேற ஆள் வருவாங்க" என்றேன். பிரஷ் என் கையிலேயே இருந்தது. ஊர் முழுக்கப் பொய் பிடிக்கப் போனவள், தடுமாறாமல் ஒரு பொய் சொன்னேன். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பக்கத்தில் நான் கேள்விக்குறிகூடப் போடவில்லை.

அந்த வருஷம் அதிகாரி எல்லோர் முன்னாலும் என் காகிதங்களைத் தூக்கிக் காட்டி, இப்படித்தான் சுத்தமாக எழுதவேண்டும் என்றார்.

பிறகு கல்லூரி வந்தது. பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியோடும் தகப்பன்மாரோடும் பெண்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். இறங்கும்போதே குளிரில் பல் தந்தியடித்தது. மெஸ் வந்தது, கம்பளி வாடகைக்கு விடுகிற கடை வந்தது, டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வந்தது. ரூம் கேட்டு யார் யாரோ அலைந்தார்கள். சீசனுக்கு இரண்டு மாதம் மட்டும் கொட்டகைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், கொட்டகைக்கே சிமென்ட் பூசி வருஷம் முழுக்க வாடகைக்கு விட்டார்கள். நான் ஏழு வருஷமாக இருந்த ரூமின் வீட்டுக்கார அம்மா, தன் தம்பி மகனுக்கு வேண்டியிருக்கிறது என்று காலி செய்யச் சொன்னார். எனக்குச் சந்தேகம்தான். நான் காலி செய்த மறுவாரம் அந்த ரூமில் மூன்று மாணவிகள் ஜடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் தோழி வீட்டில் ஒண்டிக்கொண்டு, தெருத்தெருவாக ரூம் தேடினேன். எண்பதுகளின் நடுவில், என் சம்பளத்துக்கு இந்த ஊரில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. கடைசியில் ஒருவர் சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு போனால், அதே பேரிக்காய் மரம்.

"அட, நம்ம டீச்சரா! வெரசா வாங்க, உங்களுக்கு இல்லாததா?" என்றார் மண்டிக்காரர். பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அதே நாலு சுவர். ஓடுகளை எடுத்துவிட்டு ஷீட் போட்டிருந்தார், தரைக்கு சிமென்ட், ஒரு புதுக் கதவு, மூலையில் குழாய். சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு. நிலையில் நம்பர் இருந்தது. யாரோ பின்னால் வந்து எழுதியிருக்கிறார்கள். வாடகை, மற்ற இடத்தில் சொன்னதைவிடக் குறைவாகச் சொன்னார்.

குறைவு என்றதும் சந்தேகப்பட்டேன். ஒழுகுமா என்றேன். ஒழுகாது என்றார். ராத்திரி கதவைத் தட்டி யாராவது தொந்தரவு செய்வார்களா என்றேன். "என் வீட்டுக்குப் பின்னாடியா? நல்லாக் கேட்டீங்க" என்றார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் தோட்டத்து வேலை முடிந்து புருஷனோடு போயிருப்பாள் என்று நானே சொல்லிக்கொண்டு, மறுநாள் வெள்ளனே கட்டிலும் பெட்டியும் கொண்டுவந்து இறக்கினேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை பெய்கிற மழையில்லை, உட்கார்ந்துவிடுகிற மழை. பதினைந்து நாள் வெயில் தலைகாட்டவில்லை. உடுத்துகிற துணி, படிக்கிற நோட்டு, எல்லாம் நனைந்த மாதிரியே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து கதவைத் திறந்தால், என் கட்டில்மேல் அப்பளம் அப்பளமாகச் சுண்ணாம்பு உதிர்ந்து கிடந்தது.

தலையணையைத் தட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தேன். மேல் பூச்சு நீலம் ஓடிய வெள்ளை. அது மண்டிக்காரர் அடித்தது. அதற்கடியில் மெல்லிசாக, மஞ்சள் பாரித்த இன்னொரு வெள்ளை. அதுவும் பெயர்ந்த இடத்தில் கறுப்பு. தொட்டேன். விரல் கறுப்பாயிற்று. ஒரு கரண்டியை எடுத்துச் சுரண்டினேன். கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டூல் மேல் ஏறிச் சுரண்டினேன். கீழே முழங்கால் உயரத்தில் அடுப்பு அகலத்துக்குத் தொடங்கி, மேலே போகப்போக விரிந்து, கூரை வரைக்கும் அட்டைக் கரி. ஒரு நாள் இரண்டு நாள் புகை இல்லை அது. விரல் நகம் உள்ளே போகிற அளவுக்குப் படிந்திருந்தது. நாலு வருஷம் என்று அவள் சொன்னாள். ஒரு நாள்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அன்று முழுக்க நான் சமைக்கவில்லை. இத்தனை மாதம் அவள் அடுப்பு இருந்த இடத்தில் தலைவைத்துப் படுத்திருக்கிறேன். எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. யாராவது வந்து என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் ஹைஸ்கூலில் வேலை பார்த்த என் தோழியிடம் விசாரித்தேன். சிலோன்காரப் பிள்ளை, அட்டுவம்பட்டி, அப்போது ஒன்பதாவது முடித்திருந்தவள் என்று அடையாளம் சொன்னதும் அவளுக்கு நினைவு வந்துவிட்டது.

"நல்லாப் படிக்கிற பிள்ளை. பத்தாவது பாதியில நின்னுட்டா. இருந்த எடத்தக் காலி பண்ணச் சொல்லிட்டாங்கன்னு அழுதா. ஆடலூர்ப் பக்கம் ஏதோ காப்பித் தோட்டத்துக்குக் குடும்பமாப் போயிட்டாங்க. டி.சி. வாங்கக்கூட வரல. இப்ப அதுவும் பழம் பறிக்கத்தான் போகும்" என்றாள். பிறகு, "ஏன், உனக்குத் தெரிஞ்சவளா?" என்று கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மழை கொஞ்சம் விட்டது. மண்டிக்காரர் ஒரு வாளிச் சுண்ணாம்போடு வந்தார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. ஒரு வீட்டுக்காரர் செய்யவேண்டியதைச் செய்ய வந்திருந்தார். சுவரைப் பார்த்து, "அடடா, கரி எல்லாம் மேல வந்துருச்சே. நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க டீச்சர், அரைமணிச் சோலி" என்றார்.

"அடிக்க வேண்டாம்" என்றேன்.

"ஏங்க?"

"சும்மா. இருக்கட்டும்."

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு மே மாதம் முழுக்க ஊரை நான் பார்த்த பார்வை அது. அப்போதுதான் கேட்டேன், இத்தனை மாதம் கேட்காததை.

"இங்கே இருந்தாங்களே, அந்த சிலோன்காரம்மா. அவங்களை ஏன் காலி பண்ணச் சொன்னீங்க?"

அவர் திடுக்கிடவில்லை. கோபப்படவும் இல்லை. மறந்துபோன ஒன்றை எனக்கு ஞாபகப்படுத்துகிறவர் போல, மரியாதையாகத்தான் சொன்னார்.

"இங்க யாருங்க டீச்சர் இருந்தாங்க? அது நம்பர் குடுங்கன்னு ஆபீஸ் வரைக்கும் போய் அழுதுச்சு. அவங்க உங்க காகிதத்தத்தான் எடுத்துக் காட்டுனாங்க. இங்க ஆளே இல்லைன்னு நீங்கதான எழுதிட்டுப் போனீங்க?"